ஷேல் எண்ணெய் எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி

புட்டி கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, ஒரு சொட்டை எதையும் பிரிக்காமல் அப்படியே ஜிசியில் (கூறுகளைத் தனித்தனியாகக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவி) ஓட்டுவதுதான். ஷேல் எண்ணெயில், அதாவது ஷேல் என்ற களிமண் பாறையில் தங்கிய எண்ணெயில், லேசான பகுதி நிறைய. புட்டி திறந்தே கிடந்தால் அது பறந்துவிடும். இந்த ஓட்டத்தைத் தவிர்த்த ஒரு சமயம், துளையிடும் சேற்றிலிருந்து கலந்த டீசலுக்கு இரண்டு நாள் முதிர்ச்சிக் கணக்கு (பூமிக்கடியில் எவ்வளவு வெந்தது என்ற கணக்கு) போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 40 மடங்கு பென்டேன் ஊற்றி ஓர் இரவு விட்டால் அஸ்பால்டீன் என்ற கனமான தார்ப்பகுதி அடியில் படியும். வடிகட்டியதை சிலிக்கா பத்தியில் ஏற்றி, நிறைவுற்றவை, அரோமாட்டிக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் ஊதும்போது ஒட்ட வற்றவிடாதீர்கள். நாப்தலீன் வகைகள் முதலில் காணாமல் போகும்.

நிறைவுற்ற பகுதியை ஜிசி-எம்எஸ்ஸில் (ஜிசியோடு நிறைமானி சேர்ந்த கருவி) ஓட்டி, 191 அயனியில் ஹோப்பேனும் 217 அயனியில் ஸ்டெரேனும் பாருங்கள். இரண்டும் பயோமார்க்கர்கள், அதாவது பழங்கால உயிர்களின் மிச்சமான மூலக்கூறுகள். எஸ், ஆர் என்பவை ஒரே மூலக்கூறின் இரு வடிவங்கள். ஹோமோஹோப்பேனின் 22எஸ்/(22எஸ்+22ஆர்) விகிதம் எண்ணெய் உருவாகத் தொடங்கும்போதே 0.57–0.62க்கு வந்து நின்றுவிடும். வாசலைத் தாண்டியாயிற்று என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. சி29 ஸ்டெரேனின் 20எஸ் விகிதம் இன்னும் கொஞ்ச தூரம் வரும், 0.52–0.55 வரை. டிஎஸ், டிஎம் என்ற இரண்டு ஹோப்பேன் வகைகளின் விகிதம் பாறையின் களிமண்ணுக்கும் ஆடும் என்பதால், ஒரே பாறையின் எண்ணெய்களுக்குள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அரோமாட்டிக் பகுதியில் பார்ப்பது மெத்தில்பினாந்திரீன் குறியீடு. எண்கள், மெத்தில் ஒட்டிய இடத்தைச் சொல்பவை. ஒரு கணக்கு: 2, 3 இரண்டும் சேர்ந்து 40, பினாந்திரீன், 1, 9 மூன்றும் சேர்ந்து 60. 1.5ஐ 40ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் குறியீடு 1.0. அதை 0.60ஆல் பெருக்கி 0.40 கூட்டினால், விட்ரினைட் பிரதிபலிப்புக்குச் (பாறையிலுள்ள மரத்துகள் ஒளியைத் திருப்பும் அளவு; முதிர்ச்சியின் பொது அளவுகோல்) சமமாக 1.0 சதவீதம். பினாந்திரீனின் 178 அயனியும் மெத்தில்பினாந்திரீனின் 192 அயனியும் ஒரே மாதிரி பதில் தராது, திருத்தக் காரணி போட மறக்காதீர்கள். 1.35 சதவீதத்துக்கு மேல் குறியீடு திரும்பி இறங்கும். அந்தப் பக்கத்தில் இதே 1.0க்கு விடை 1.7. முதல் ஜிசி ஓட்டத்தில் மெழுகு அல்கேன்கள் நீளமாகத் தெரிந்தால் 1.7ஐ ஒதுக்கிவிடலாம்.

சரி, இதே எண்ணெயில் 20எஸ் விகிதம் 0.45 என்று வந்தால்? ஸ்டெரேன் 0.8 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்கிறது, பினாந்திரீன் 1.0 என்கிறது. புதிதாக வருபவர்கள் சராசரி எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். அதிகம் வெந்த எண்ணெயில் பயோமார்க்கர்கள் சிதைந்து அநேகமாகத் தீர்ந்திருக்கும். குறைவாக வெந்தது கொஞ்சம் கலந்தாலே ஸ்டெரேன் படம் முழுக்க அதனுடையதாகிவிடும். அதனால் விகிதத்தோடு நிற்காமல், உள்தரம் (தெரிந்த அளவில் போடும் ஒப்பீட்டுப் பொருள்) சேர்த்து ஸ்டெரேனின் அளவையும் எடுங்கள். அது மிகக் குறைவாக இருந்து, டயமண்டாய்டுகளும் (வெப்பத்தைத் தாங்கி நிற்கும் கூண்டு வடிவ மூலக்கூறுகள்) ஏறியிருந்தால் கலவை என்றே எழுதுவேன்.

பாறைத் துண்டும் கிடைத்தால் ராக்-எவால், அதாவது பாறையைச் சூடாக்கி வெளிவருவதை அளக்கும் சோதனை. எஸ்1 முதலில் வெளிவரும் தங்கிய எண்ணெய், எஸ்2 பிறகு கரிமப் பொருள் சிதைந்து வருவது, டிமேக்ஸ் எஸ்2 உச்சத்தின் வெப்பநிலை. டிமேக்ஸ் 435 டிகிரி எண்ணெய்ச் சாளரத்தின் தொடக்கம், 470 ஏறக்குறைய முடிவு. எஸ்2 கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டிமேக்ஸை நம்ப வேண்டாம். ஷேலில் தங்கிய கனமான எண்ணெய் எஸ்1இல் முழுதாக வெளியேறாமல் எஸ்2க்குள் புகுந்து டிமேக்ஸை இறக்கிக் காட்டும். டைகுளோரோமீத்தேனில் கழுவி மறுபடி ஓட்டுங்கள். கழுவிய பின் டிமேக்ஸ் ஏறினால், ஏறிய எண்ணையே அறிக்கையில் எழுதுங்கள்.