காகித வீடு: கூரை அளவு சரியாக வர

இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் (கோடுகளையும் வடிவங்களையும் துல்லிய அளவில் வரைய உதவும் மென்பொருள்), வெட்டி மடித்து ஒட்டும் காகித வீடு வரைபவர்கள் சுவரில் தடுமாறுவதில்லை, கூரையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பக்கம் தெரியும் உயரத்தையே கூரைத் தாளுக்கும் கொடுத்தால், ஒட்டும்போது முகடு வாய் பிளந்து நிற்கும். வேண்டியது சரிவின் நீளம். வீட்டின் அகலம் 60 மி.மீ., சுவருக்கு மேல் முகடு 40 மி.மீ. என்றால் பாதி அகலம் 30; பிதாகரஸ் கணக்குப்படி சரிவு 50 மி.மீ. கணக்குப் போடச் சோம்பலா? முக்கோணச் சுவரை வரைந்து, அதன் சாய்ந்த கோட்டை மென்பொருளிலேயே அளந்துகொள்ளுங்கள். இறவாரம், அதாவது கூரையின் கீழ் ஓரம், சுவரைத் தாண்டி வெளியே நீள வேண்டுமானால் அதையும் இதோடு கூட்டுங்கள்.

வெட்டும் கோடு, மடிக்கும் கோடு, ஜன்னல் ஓவியம் மூன்றும் தனித்தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வரைபட அடுக்கு) இருக்கட்டும். ஒட்டும் விளிம்புக்கு 5 மி.மீ. போதும், அதன் இரு முனைகளையும் சாய்வாக வரையுங்கள், இல்லாவிட்டால் மூலையில் ஒன்றோடொன்று இடிக்கும்.

அச்செடுக்கும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் தேர்வை எடுத்துவிட்டு 100% வையுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 50 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, அச்சானதும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். எல்லாத் தாளும் ஒரே அளவு சுருங்கினால்கூடச் சமாளிக்கலாம். ஒன்று மட்டும் சுருங்கினால் சுவரும் கூரையும் சேரவே சேராது.