தனியறையில் காய்ச்சல்: முதல் நாள் தொடங்கி இருமல் அடங்கும் வரை

போன ஐப்பசியில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தம்பி அழைத்தான். வேலை கிடைத்து வேளச்சேரியில் அறை எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "அக்கா, உடம்பை அடித்துப் போட்டது போல இருக்கிறது. மருந்துக் கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி வந்தேன். எதை முதலில் போட?" என்றான். அட்டைகளைப் படிக்கச் சொன்னேன். ஒன்று ஆன்டிபயாட்டிக். ஒன்று பாராசிட்டமால். சளி மாத்திரை என்று கொடுத்திருந்த மூன்றாவதற்குள்ளும் பாராசிட்டமால் இருந்தது. நான்காவது டைக்ளோஃபெனாக் என்னும் வலி மாத்திரை. நான்கையும் அவன் சேர்த்து விழுங்கியிருப்பான் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் படுத்திருக்கும் எல்லாத் தம்பி தங்கைகளுக்கும், அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது திடமான உடல்நிலை கொண்ட பெரியவர்களுக்கு மட்டுமே. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஃப்ளூவுக்கென்று உள்ள வைரஸ் மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

படி 1: வந்திருப்பது எது?

சாதாரணச் சளி மெல்லத்தான் வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மறுநாள் மூக்கு ஒழுகும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் விட்டுவிடும். ஃப்ளூ அப்படியல்ல. காலையில் நன்றாக அலுவலகம் போனவர் மாலையில் குளிர் நடுக்கத்தோடு படுத்துவிடுவார். காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும்.

நம் ஊர் மழைக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி இருந்து, மூக்கொழுகலோ தும்மலோ இல்லை என்றால் அது டெங்குவாக இருக்கலாம். இதை வீட்டிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

படி 2: ஒரு தெர்மாமீட்டர், ஒரு தாள்

அறையில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். சூடாக எதையாவது குடித்திருந்தால் இருபது நிமிடம் பொறுத்து நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். அக்குளில் வைத்தால் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே "முதல் நாள்" என்று தேதியோடு எழுதுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளைக் காய்ச்சல் அளவு, மாத்திரை போட்ட நேரம், சிறுநீர் கழித்த தடவை. இவ்வளவு போதும். காய்ச்சலில் கிடப்பவருக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். "எத்தனை நாளாக?" என்று மருத்துவர் கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். இந்தப் பதிவில் நான் எழுதுவதில் எதை விட்டாலும் இந்தத் தாளை மட்டும் விடாதீர்கள். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 3: ஒரே ஒரு மாத்திரை

பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஒன்று. அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது. கல்லீரல் பாதிப்போ குடிப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதையும் தொட வேண்டாம். தம்பிக்கு நடக்கவிருந்தது போல, சளி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும்.

காய்ச்சல் 100 அளவில் இருந்து, உங்களால் படுத்துத் தூங்க முடிகிறது என்றால் மாத்திரை இல்லாமலே இருக்கலாம். உடல் கிருமியோடு போராடுவதன் சூடுதான் அது. வலி தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் போடுங்கள்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் வேண்டாம். டெங்குவில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் இந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். "ஒரு ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும்" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும், அந்த ஊசியிலும் இதே மருந்துகள் இருக்கலாம்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது, இந்திய மருத்துவச் சங்கமே இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதை வாங்காதீர்கள்.

படி 4: தண்ணீரும் கஞ்சியும்

பசி இருக்காது. கட்டாயப்படுத்தி மூன்று வேளைச் சாப்பாடு சாப்பிடவும் வேண்டாம், காய்ச்சலுக்குப் பட்டினி நல்லது என்று வெறும் வயிற்றோடு கிடக்கவும் வேண்டாம். மணிக்கு ஒரு டம்ளர் ஏதாவது உள்ளே போகட்டும்: வெந்நீர், ரசம், இளநீர், மோர், சுக்கு மல்லி காபி. மோர் சளி கட்டும் என்று அம்மா தடுத்தால் அதை விட்டு வேறொன்றைக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதுமான அளவு போகிறது என்று பொருள்.

கஞ்சிக்கு: நொய்யரிசி ஒரு கைப்பிடி, பாசிப்பருப்பு அரைக் கைப்பிடி, நான்கு பல் பூண்டு, ஒரு சிட்டிகை சீரகம், நான்கு டம்ளர் தண்ணீர். குக்கரில் ஐந்து விசில். ஆவி அடங்கியதும் உப்புப் போட்டுக் கரண்டியால் மசித்துவிடுங்கள். ஒருமுறை வைத்தால் காலைக்கும் மதியத்துக்கும் ஆகும். அடுப்பு இல்லாத அறை என்றால் பக்கத்து மெஸ்ஸில் இட்லியும் ரசமும் வாங்கித் தரச் சொல்லி யாரையாவது கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கினால் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

படி 5: மூக்கும் தொண்டையும்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் இரவு இருமலைத் தணிக்கும். (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.) மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை மூன்று நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்தால், அதை நிறுத்தியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

ஆவி பிடிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பையன் கட்டிலில் உட்கார்ந்து ஆவி பிடித்தான். போர்வையைச் சரிசெய்ய அசைந்ததில் கொதிநீர் முழுவதும் அவன் தொடைமேல் கவிழ்ந்தது. சளி நாலு நாளில் போய்விட்டது, தழும்பு போகவில்லை. ஆவி இதமாக இருக்கும், உண்மை. நோயின் நாட்களை அது குறைப்பதில்லை. பிடிப்பதானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையில் சுவரோரம் வைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, முகத்தை ஒரு முழம் தள்ளியே வையுங்கள். மடியிலோ படுக்கையிலோ ஒருபோதும் வேண்டாம். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம். காய்ச்சலில் தலை சுற்றுகிறது, பக்கத்தில் ஆளில்லை என்றால் அன்று ஆவியை விட்டுவிடுங்கள். நொச்சியிலையோ துளசியோ கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். கற்பூரம் போடாதீர்கள்.

படி 6: படுத்திருங்கள்

விடுப்பு எடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அறைத் தோழர் இருந்தால் முகக்கவசம் அணியுங்கள், டம்ளரையும் துண்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு வேலைக்குப் போகலாம். யாராவது ஒருவர் காலையும் இரவும் அழைத்துப் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, எழுந்து நிற்க முடியாத மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள், இரவு என்று பார்க்காதீர்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், நன்றாக இறங்கிப் பிறகு மீண்டும் ஏறினாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

பலரும் ஏமாறுவது டெங்குவில்தான். அதில் ஆபத்துக் காலம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். தாளில் காய்ச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் வயிறு கடுமையாக வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிகிறது, உடல் துவண்டு போகிறது என்றால் "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 7: மிச்சமிருக்கும் இருமல்

ஃப்ளூ காய்ச்சல் மூன்று நான்கு நாளில் விட்டாலும் இருமலும் அசதியும் பின்தங்கும். சிலருக்கு இருமல் போக மூன்று வாரம்கூட ஆகலாம். அசதி தீரும் வரை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகாமல், மாலையில் மெல்ல நடந்தால் போதும். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், ஃப்ளூவின் மிச்சம் என்று நாமே முடிவுகட்டாமல் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். தம்பிக்குப் பதினாறாம் நாளும் இருமல் இருந்தது. தாளைப் பார்த்துத் தேதியை எண்ணினான், மறுநாள் காலையிலேயே போய்ச் சளி கொடுத்துவிட்டு வந்தான். முடிவில் ஒன்றுமில்லை என்று வந்த அன்றுதான் எங்கள் அம்மா இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.