செட்டிநாட்டு வீட்டைப் பழுது பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

“நம்ம ஊர்தான் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, வீட்டை யாரும் தொட முடியாது” என்று நம்பி இருப்பது முதல் தவறு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் இடம்பெற்றது உத்தேசப் பட்டியலில். பின்னாளில் உலக மரபுச் சின்னமாகப் பரிந்துரைக்கலாம் என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு. வீட்டுக்கு வயது 100 தாண்டினாலும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. 1958-ம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சட்டத்தில் 100 ஆண்டு என்பது தகுதி வரம்பு. அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் ஒரு கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். அறிவிக்கை இல்லாத வீட்டை இடிப்பது என்று பங்காளிகள் முடிவெடுத்தால், அந்தப் பட்டியல் குறுக்கே நிற்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உங்கள் வீடு சின்னமாக இல்லாமலே சட்டத்துக்குள் வரலாம். திருமயம் கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரிலும் அனுமதியோடுதான் கட்டலாம். 2010-ல் வந்த திருத்தம் இது. கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பே தூரத்தை அளந்து பாருங்கள்.

பழைய கதவு நிலையையும் தூணையும் பெயர்த்து விற்பவர்கள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் 100 ஆண்டு ஆகியிருந்தால் அதில் தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிலையைப் பெயர்த்த இடத்தில் உடனே தாங்கு கொடுக்காவிட்டால் மேலே உள்ள செங்கல் இறங்கி, சுவரில் மூலைவாட்டில் விரிசல் ஓடும்.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது சிமெண்ட். இந்த வீடுகளின் செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. அடியிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் இறங்கும் ஈரமும் காரை வழியாக ஆவியாகிப் போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். சில ஆண்டுகளில் சிமெண்ட் பூச்சு செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். வீடு பழசாகிவிட்டது என்று அப்போது சொல்வார்கள்; வீட்டைக் கெடுத்தது அந்தப் பூச்சுதான்.

சரியான வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் உளியால் எடுங்கள். மின்சுத்தியல் வேண்டாம், பக்கத்தில் நன்றாக இருக்கும் பூச்சும் அதிர்ந்து விடும். நீற்றிச் சலித்த சுண்ணாம்பு குறைந்தது இரண்டு மூன்று வாரம் தண்ணீருக்குள் ஊற வேண்டும். அவசரப்பட்டால், நீறாத துகள்கள் பின்னால் ஊதிப் பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். சுவரை நன்றாக நனைத்த பிறகே பூச வேண்டும். மேலே வரும் பூச்சுகள் ஒன்றைவிட ஒன்று மெல்லியதாகவும் நைஸாகவும் இருக்கும். கடைசிப் பூச்சில்தான் நன்றாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, ஈரம் இருக்கும்போதே வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒரு வாரமாவது நேர் வெயில் படாமல் ஈரம் காக்க வேண்டும். மெருகு மங்கிய பழைய முட்டைப் பூச்சின் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும்.

கூரைக்கு வருவோம். நாட்டு ஓடு பல அடுக்காக வேயப்பட்டது. அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் கூடம் கொதிக்கும். காங்கிரீட் போட்டால் சுவருக்கும் உத்தரத்துக்கும் பழக்கமில்லாத பாரம். உடைந்த ஓட்டை மாற்றி, இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் அடைந்த சருகைப் புரட்டாசிக்குள் அள்ளிவிடுங்கள். ஐப்பசி மழை யாருக்காகவும் காத்திருக்காது. சுவரில் முளைத்த அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே பிடுங்க வேண்டும். வேர் தடித்த பிறகு இழுத்தால் செங்கலும் சேர்ந்து வரும்.

வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்திருக்கும் வளவின் திறந்த முற்றத்தைப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுவது இப்போது பரவி வருகிறது. வீட்டின் வெக்கை மேலே போவதும், அறைகளுக்கு வெளிச்சம் வருவதும் அந்தத் திறப்பு வழியாகத்தான். பறவைகள் தொல்லை என்றால் வலை போதும். முற்றத்துத் தரையை உயர்த்தித் தண்ணீர் போகும் துளையை அடைத்துவிட்டால், முதல் பெருமழையிலேயே தண்ணீர் தூணடிக்கு வரும். தேக்குத்தூண் கருங்கல் பீடத்தின் மேல் நிற்பதே ஈரத்தைத் தொடாமல் இருக்கத்தான். பீடம் மறையும்படி சிமெண்ட் போட்டால் மரத்தின் அடி இற்றுப்போகும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்தது. ஆசிட் பட்டால் வண்ண அடுக்கே அரித்துப்போகும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

பங்குப் பிரச்சினையைச் சுவரில் தீர்க்கப் பார்ப்பதுதான் மனசு வலிக்கும் தவறு. ஒரு பங்காளி தன் பக்கத்தை மட்டும் இடித்தால், வளவைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடும் கூரை தாங்கலை இழந்து, மற்றவர் பக்கமும் சரியத் தொடங்கும். பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு தருவது என்று எல்லோரும் கையெழுத்திட்டு எழுதிக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். அறைக்கு அறை படம் எடுத்து, அளவு குறித்து, பிரிக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு வையுங்கள். எண் இல்லாத கைமரம் திரும்ப அதே இடத்துக்குப் போகாது.