ரோமப் பேரரசர்கள் பத்தி எழுதுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

ரோம் பத்தி ஒரு படமோ நாவலோ பாத்துட்டு ஆசையா எழுத ஆரம்பிக்கிறவங்க இப்போ நம்ம மொழியில நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஆனா அதே சில தப்புகள் திரும்பத் திரும்ப வர்றதப் பாக்கும்போது மனசு கேக்கல.

மொதல்ல சின்னத முடிச்சிடலாம். ஜூலியஸ் சீசர் பேரரசர் கிடையாது. கி.மு. 44ல குத்திக் கொன்னப்போ அவன் "வாழ்நாள் சர்வாதிகாரி", அவ்ளோதான். மொத பேரரசர்னா கி.மு. 27ல அகஸ்டஸ்ங்கிற பட்டம் வாங்குன அவனோட வளர்ப்பு மகன். சீசர்ங்கிறது குடும்பப் பேரு, பின்னாடி அதுவே பட்டமாயிடுச்சு, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

அடுத்தது நீரோ. "ரோம் எரிஞ்சப்போ பிடில் வாசிச்சான்"னு நம்மூர் மேடையில கேக்காத ஆளே இருக்க முடியாது. வயலின் வந்ததே அதுக்கு சுமாரா 1,500 வருஷம் கழிச்சு. நீரோ வாசிச்சது யாழ் மாதிரி ஒரு கம்பிக் கருவி, அதுல அவனுக்கு வெறியே உண்டு. கி.பி. 64ல தீ பிடிச்சப்போ அவன் ஊர்லயே இல்ல, ஆன்டியம்ங்கிற கடலோர ஊர்ல இருந்தான், திரும்பி வந்து வீடு இழந்தவங்களுக்குத் தன் தோட்டத்தத் திறந்துவிட்டான், தானிய விலையையும் கொறச்சான்னு ரோம வரலாற்றாசிரியர் டேசிடஸ் எழுதுறார். இத்தனைக்கும் டேசிடஸுக்கு நீரோவக் கண்டாலே ஆகாது. எரியும்போது பாட்டு பாடுனான்ங்கிறத அவர் வதந்தின்னுதான் சொல்றார். அதுக்காக நீரோவ நல்லவனாக்கிடவும் கூடாது, பெத்த அம்மாவ 59ல கொல்ல வச்சவன், எரிஞ்ச எடத்துலயே தனக்கு தங்க மாளிகை கட்டுனவன், தீ வச்சதா பழி போட்டு கிறிஸ்தவங்களக் கொடூரமா கொன்னவன். இன்னொண்ணு, நீரோவ கொலோசியம்ங்கிற ரோமோட பெரிய சண்டை அரங்கத்துல உக்கார வச்சு சீன் எழுதாதீங்க. அவன் 68லயே செத்துட்டான், அது திறந்தது 80ல, பேரரசர் டைட்டஸ் காலத்துல, அதுவும் நீரோ வெட்டுன ஏரி இருந்த எடத்துல.

பேரரசர் கலிகுலா தன் குதிரைய கன்சல் ஆக்கிட்டான்னு எழுதுறதும் தப்பு. கன்சல்னா ஒரே சமயத்துல ரெண்டே பேர் இருக்கிற உயர்ந்த பதவி. அப்படி ஒரு திட்டம் இருந்ததா சொல்றாங்கன்னுதான் பேரரசர்களோட வாழ்க்கைக் கதைய எழுதுன சூட்டோனியஸ் எழுதுறார், அதுவும் கலிகுலா செத்து கிட்டத்தட்ட 80 வருஷம் கழிச்சு. ஒரு கதைய எடுக்கும்போது யார் எழுதுனா, எப்போ எழுதுனா, அவங்களுக்கு அந்தப் பேரரசர் மேல என்ன கோவம்னு பாத்துட்டு எடுங்க, இது ஒண்ணு செஞ்சாலே பாதி தப்பு போயிடும்.

2000ல வந்த கிளாடியேட்டர் படம் எனக்கும் உயிர்தான், ஆனா அத வரலாறா எடுக்காதீங்க. படத்துல வர்ற மாதிரி பேரரசர் மார்கஸ் அரேலியஸ அவர் மகன் கொமோடஸ் மூச்சுத் திணற வச்சுக் கொல்லல, 180ல அவர் நோய்ல செத்தார்னுதான் பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க. கொமோடஸுக்கு 177லயே இணைப் பேரரசர் பதவி குடுத்ததே அவர்தான். கொமோடஸ் அரங்கத்துல எறங்கி சண்டை போட்டது நெஜம், ஆனா செத்தது அரங்கத்துல இல்ல, 12 வருஷம் ஆண்ட பிறகு 192 கடைசி நாள்ல நார்சிசஸ்ங்கிற மல்யுத்த வீரன் கழுத்த நெரிச்சான். படத்துல சொல்ற மாதிரி குடியரசும் திரும்பல, அடுத்த வருஷம் பதவிக்கு அஞ்சு பேர் மோதுனாங்க.

கடைசியா, மகன்னு படிச்சதும் பெத்த மகன்னு எழுதிடாதீங்க. ரோமர்கள் வாரிச தத்து எடுக்கிறது சாதாரணம், மார்கஸ் அரேலியஸே தத்துப்பிள்ளையா வந்து ஆண்டவர்தான். நம்ம கோயம்புத்தூர் பக்கம் தோண்டக் கெடைச்ச, அகஸ்டஸுக்கு அடுத்து ஆண்ட பேரரசர் டைபீரியஸோட வெள்ளிக் காசுல "தெய்வ அகஸ்டஸின் மகன்"னு லத்தீன்ல பொறிச்சிருக்கும். டைபீரியஸ் அகஸ்டஸோட மனைவி லிவியாவுக்கு மொத கல்யாணத்துல பொறந்தவன், கி.பி. 4ல தத்தெடுத்தப்போ அவனுக்கு வயசு 40 தாண்டியிருந்துச்சு.