தட்டட்டியில் தொட்டிச்செடி: நெல்லைச் சீமையில் கைநழுவும் இடங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பேச்சை நம்பி, ஜூலைக் கடைசியில் பாளையங்கோட்டைத் தட்டட்டி (மொட்டைமாடி) ஒன்றில் தக்காளி நாற்றை நட்டுப் பாருங்கள். பத்து நாளில் நாற்று கிழக்கே சாய்ந்து, இலை விளிம்பு கருகி நிற்கும். பழமொழியைக் குறை சொல்ல முடியாது. குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரல் விழுகிற மாதங்கள்தான் அவை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தை இறக்கிவிட்டு, வெறும் காற்றாகத்தான் அது திருநெல்வேலிக்கு வந்து சேர்கிறது. வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதே காற்றை நம்பித்தான். நம் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. சென்னைக்காரரும் கேரளத்துக்காரரும் சொல்லும் மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

தக்காளி, மிளகாய்க்கு ஆவணியில் நாற்று விட்டு, 25 முதல் 30 நாள் நாற்றைப் புரட்டாசியில் நடலாம். இல்லாவிட்டால் மார்கழியில் நாற்று விட்டுத் தையில் நடலாம். சித்திரையில் தக்காளி பூவாக உதிர்ந்தால் உரம் போட்டு ஓடாதீர்கள். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாதபோது தக்காளியின் மகரந்தம் பிடிப்பதில்லை. அந்த மாதங்களில் வெண்டை, கத்தரி, சீனியவரை (கொத்தவரை), தண்டங்கீரை போதும்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பந்தல் எம்மாத்திரம்? காற்றை மறிக்க மேற்கே தகரம் அடிப்பவர்கள் உண்டு. தகரத்தில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். செடி இன்னும் மோசமாக ஒடியும். பாதிக் காற்றைக் கசியவிடும் நிழல்வலையை இழுத்துக் கட்டினால் போதும். பைகளைக் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குள் வைத்து, மிளகாய்க்கும் கத்தரிக்கும் நடும் அன்றே குச்சி ஊன்றுங்கள். செடி வளர்ந்த பிறகு ஊன்றினால் குச்சி வேரைக் குத்தும். தண்ணீர்க் கணக்கும் இந்தக் காற்றில் மாறிவிடும். தை மாதம் நாளைக்கு ஒரு லிட்டர் குடித்த 12 அங்குலப் பை, ஆனி ஆடியில் இரண்டு லிட்டர் கேட்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனப் பிரித்து ஊற்றுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்?

தெற்குப் பார்த்த பால்கனிக்கு எப்போதும் வெயில் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். வட இந்தியாவுக்குச் சரி. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பும். இடைப்பட்ட நாலரை மாதமும், மேலே தளம் மூடிய தெற்குப் பால்கனிக்குள் நேர் வெயில் இறங்காது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு அப்படியே தலைகீழ்: சித்திரை முதல் ஆவணி வரைதான் நேர் வெயில், அதுவும் காலையிலும் மாலையிலும் சாய்வாக. புரட்டாசியில் அங்கே நட்ட கத்தரி நெடுநெடுவென்று வளர்ந்து, பூக்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

காய்க்கிற செடிக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். அதற்கும் குறைந்தால் புதினா, கற்பூரவல்லி, இஞ்சி என்று போய்விடுங்கள். தெற்குத் தார்சா (தாழ்வாரம்) உள்ளவர்கள் புரட்டாசி முதல் பங்குனி வரை காய்கறி வைத்துக்கொண்டு, கோடையில் பைகளை மாடிக்கு ஏற்றுவது நல்லது.

மேற்குப் பக்கம் வேறு சங்கடம். மதியம் இரண்டு மணி முதல் ஆறு வரை வெயிலோடு, சுவர் வாங்கி வைத்த சூடும் இரவு வரை செடிமேல் வீசும். இதற்குப் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை, அதுவும் பங்குனி முதல் வைகாசி வரை மட்டும். 75 சதவீத வலையைக் கட்டிவிட்டு, வருஷம் முழுக்க அவிழ்க்காமல், “காயே பிடிக்கலை” என்று வருத்தப்படும் மாடிகள் நிறைய.

பையின் அளவும் பாரமும்

“12 அங்குலப் பை” என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். அடிப்பாகம் வைத்துத் தைத்த வட்டப் பையில் 12 என்பது விட்டம். ஏறக்குறைய 21 லிட்டர் மண் கொள்ளும். நாற்றங்கால் கருப்புக் கவரில் 12 என்பது தட்டையாக மடித்து அளந்த அகலம். மண் போட்டதும் அதன் விட்டம் ஏழரை அங்குலமாகச் சுருங்கிவிடும். கத்தரியை அதில் வைத்தால் பங்குனி வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

கீரைக்கு 6 முதல் 8 அங்குல ஆழம் போதும், அகலம்தான் முக்கியம். மிளகாய், வெண்டைக்கு 12 அங்குலப் பையில் ஒரு செடி. தக்காளி, கத்தரிக்கு 15 அங்குலம் இருந்தால் நிம்மதி. புடலை, பீர்க்கு, பாகலுக்கு 18 அங்குலம். நாற்று சிறிதாக இருக்கிறதே என்று ஒரு பையில் நான்கு தக்காளியை நடுவது மிகப் பழகிய பிழை. ஐந்தாவது வாரத்தில் நான்கும் ஒரே தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும். ஒரு பையில் ஒரு செடி வைத்தால் வரும் காய் நான்கிலும் சேர்த்து வராது.

பாரத்தையும் கணக்குப் போடுங்கள். நனைந்த மண்ணோடு 12 அங்குலப் பை ஏறக்குறைய 25 கிலோ. 15 அங்குலம் 50 கிலோ. 24 அங்குலப் பை 200 கிலோவைத் தாண்டும். மனிதர் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875) வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 15 அங்குலப் பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். பெரிய பைகள் சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலே நிற்கட்டும். சன்ஷேடு மேல் ஒரு பைகூட வேண்டாம். மரக்கட்டை பாய்ச்சி, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு வீடாக இருந்தால் மேலே எதுவுமே வைக்காதீர்கள். அங்கே பாரத்தைவிட ஈரம்தான் பெரிய எதிரி. கட்டை உளுத்தது கீழிருந்து தெரியாது.

பையை வெறும் தளத்தில் வைத்தால், சித்திரை மதியத்தில் அடிவேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தண்ணீர் வடிய வழியும் கிடைக்கும். கருப்பு வாளி சூட்டை இழுக்கும். வெளியே சுண்ணாம்பு பூசினால் சமாளிக்கலாம். காருக்குறிச்சி மண்சட்டி குளிர்ச்சிதான், ஆனால் பக்கவாட்டிலும் ஈரம் போவதால் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்பது வெறும் நம்பிக்கை. மண்ணும் கல்லும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். வேருக்கான இடமும் இரண்டு அங்குலம் குறையும். அடியில் அரை அங்குல ஓட்டை நான்கைந்து இருந்து, ஒரு கொசுவலைத் துண்டு போட்டால் வேலை முடிந்தது.

மண்

வயலில் நன்றாக விளைகிற மண் தொட்டியிலும் விளையும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் பையில் காய்ந்தால் சுருங்கி, ஓரத்தில் வெடிப்பு விடும். ஊற்றிய தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும், நடுவேர் நனையாது. திசையன்விளைத் தேரி மண் (செம்மணல்) இதற்கு நேர் எதிர்: தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. குளத்துக் கரம்பை (வண்டல்) சத்துள்ளது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் களிபோல இறுகிவிடும்.

செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒன்றரைப் பங்கு. 12 அங்குலப் பைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், வேப்பம் புண்ணாக்கு. கலந்து, மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் ஆறப் போட்டுவிட்டு நடுங்கள்.

“கழுவிய” என்ற சொல்லைத் தாண்டிப் போகவேண்டாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 65 லிட்டருக்குக் குறையாமல் பெருகும். ஒரு ராத்திரி ஊறவைத்து வடித்து, பழுப்புத் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தொழுவுரம் கையில் எடுத்தால் சாணி வாடை வரக்கூடாது. பாதி மக்கிய சாணம் பைக்குள்ளேயே சூடேறி வேரைச் சுடும். அதில் சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப்புழுக்களைச் சலித்து எடுக்காவிட்டால், மக்கு தீர்ந்ததும் அவற்றில் சில வேரில் வாய் வைக்கும்.

உப்புத் தண்ணீர்

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவர்களுக்குச் செடி சாவதில் பாதிக் கணக்கு இங்கேதான். இலை நுனி பழுப்பாவது, பையின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பது இரண்டும் உப்பின் அடையாளம். செடி வாடுகிறதே என்று தினம் ஒரு செம்பு ஊற்றுவார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். ஊற்றினால் அடியில் பத்தில் ஒரு பங்கு வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 12 அங்குலப் பைக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ மெதுவாக விட்டு உப்பை அலசி இறக்குங்கள். அலசினால் சத்தும் கூடவே போகும்; மறுநாள் இரண்டு கை மண்புழு உரம் போட்டுவிடுங்கள். அடித்தட்டில் வடிந்ததை அப்படியே விட்டால் பை அதை மறுபடி உறிஞ்சும். ஏடிஸ் கொசுவுக்கும் அது தொட்டில்.

உப்பு அளக்கும் கருவி லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் பீன்ஸ், மிளகாய், எலுமிச்சையை விட்டுவிட்டு, சீனியவரை, தட்டப்பயறு, பீட்ரூட் பக்கம் போங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடியிருக்கும். அது செடிக்கு ஆகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது என்றாலும், அதைச் சாக்கடைக்கும் ஆர்.ஓ. கழிவைச் செடிக்கும் விடும் வீடுகள்தான் அதிகம்.

சில்லறைத் தவறுகள்

தக்காளியின் அடி கறுத்து அழுகினால் முட்டை ஓடு போடச் சொல்வார்கள். ஓடு கரைந்து சுண்ணாம்புச் சத்தாக மாறுவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். பெரும்பாலும் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று ஊற்றுவதால்தான் அது வருகிறது. மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி, பஞ்சகவ்யம் 30 மில்லி. கூட்டினால் கூடுதலாகக் காய்க்காது, இலைதான் கருகும். மீன் கழிவை ஊறவைக்கச் சம எடை வெல்லம் போதும். விற்கிற விலைக்குக் கருப்பட்டியை அதில் கொட்டுவது பாவம்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். கத்தரியில் நுனி துவண்டால் உள்ளே புழு. மருந்து தேடாமல் ஓர் அங்குலம் கீழே நறுக்கி, நுனியைப் புழுவோடு நசுக்குங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி. அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

பிஞ்சு வெம்பி உதிர்கிற கொடிகளுக்குக் கையால் மகரந்தம் வைக்கிறவர்கள் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பாகலுக்கு விடிகாலை. பீர்க்குக்குச் சாயங்காலம். புடலைக்கு விளக்கு வைத்த பிறகு. காலை ஒன்பது மணிக்குப் புடலைப்பூவைத் தேடினால் வாடிய நூல்தான் கிடைக்கும்.

கீரை விதையை எறும்பு தூக்கிப் போனால், விதைத்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் பச்சரிசி மாவு தூவுங்கள். எறும்பு மாவோடு போய்விடும்.

எலுமிச்சையை விதை போட்டு வளர்த்தால் காய்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். பதியன் கன்றோ ஒட்டுக்கன்றோ வாங்கி, 18 அங்குலப் பையில் தொடங்கி, இரண்டு வருஷம் கழித்து 24-க்கு மாற்றுங்கள். நாற்றுப் பையில் வேர் சுற்றிக்கொண்டிருந்தால் வெளிச்சுற்றை நறுக்கிவிட்டு நடுங்கள். நறுக்காத வேர் பெரிய பையிலும் அந்தப் பழைய வட்டத்துக்குள்ளேயே சுற்றும்.

மழையும் சிறுகிழங்கும்

ஐப்பசி தொடங்கும் முன் மாடியின் தண்ணீர்ப் போக்கிக் குழாய்களைச் சுத்தம் செய்து, வாயில் வலை கட்டுங்கள். பைகளிலிருந்து ஒழுகும் நார்க்கழிவும் சருகும்தான் முதலில் அடைக்கும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் அடைத்த மாடி ஒரு குளம். அதன் பாரம் தளத்துக்குத்தான். அடைமழை நாட்களில் பையின் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்தால் நீர் தேங்காது. மழை ஓய்ந்ததும் உரம் போடவேண்டும், கழுவிப் போயிருக்கும்.

பொங்கலுக்குச் சிறுகிழங்கு வேண்டும் என்று கார்த்திகையில் நினைவு வந்தால் நேரம் போய்விட்டது. ஆவணி, புரட்டாசியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நுனிக்கொடியை வெட்டி நடவேண்டும். கிழங்கு மேல்மண்ணில்தான் பிடிக்கும் என்பதால் ஆழப் பை வீண்; 24 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் உள்ளதில் நான்கு கொடி வைக்கலாம். சாணத்தை அள்ளிப் போட்டால் இலை காடாக வளரும், கீழே ஒன்றும் இருக்காது. கத்தரி, தக்காளி முன்பு இருந்த மண்ணை இதற்கு எடுக்காதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு அப்படியே தொற்றி, கிழங்கு முண்டு முண்டாக வரும். நட்டு 45 நாளில் தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மண் ஏற்றுங்கள். இலை மஞ்சளிக்கும்போது தண்ணீரை ஒரு வாரம் நிறுத்தி, மண்வெட்டியோ கொத்தோ போடாமல் பையைச் சாக்கின்மேல் கவிழ்த்துக் கையால் பிரித்து எடுங்கள். வெட்டுப்பட்ட கிழங்கு முதலில் அழுகும். அதை அன்றைக்கே குழம்பில் போட்டுவிட வேண்டியதுதான்.