வெளியூர் ஃபிட்டருக்கு ஏஆர் மூலம் வேலை பழக்குவது எப்படி? கிளாண்ட் பேக்கிங் பாடம்

போனில் வேலை சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது பழக்கம்தான். "இடது பக்க நட்டைத் தளர்த்து தம்பி" என்போம். "எனக்கு இடதா, மோட்டாருக்கு இடதாண்ணே?" என்று கேட்பான். வீடியோ காலில் பம்ப் தெரியும், ஆனால் நம் விரல் அங்கே போகாது. ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், அந்த விரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோவையில் என் திரையில் ஒரு நட்டின் மேல் அம்புக்குறி வைத்தால், தூத்துக்குடியில் தம்பியின் போனிலும் அதே நட்டின் மேல் நிற்கும். அவன் போனை நகர்த்தினாலும் அம்பு நட்டோடு ஒட்டியிருக்கும்.

இந்தப் பெயர் பிறந்ததே தொழிற்சாலை வேலைக்காகத்தான். 1990களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும், விமானத்துக்கு ஒயர் கட்டும் தொழிலாளர்களுக்கு வழிகாட்டும் கருவியைப் பற்றி யோசித்தபோது புழக்கத்துக்கு வந்த சொல் அது.

1. ஒரே ஒரு வேலையை எடுங்கள்

முழு பம்பையும் பிரித்து மாட்டுவதில் ஆரம்பிக்க வேண்டாம். கிளாண்ட் பேக்கிங் (ஷாப்டைச் சுற்றித் தண்ணீர் கொட்டாமல் தடுக்கும் கயிற்று வளையங்கள்) மாற்றுவது நல்ல முதல் பாடம். சின்ன இடம், ஆனால் கைப்பழக்கம் நிறைய வேண்டும்.

2. தேவையானவை

ஏஆர்கோர் (கூகுளின் ஏஆர் மென்பொருள்) உள்ள ஆண்ட்ராய்டு போன் அல்லது ஐபோன், டீம்வியூவர் அசிஸ்ட் ஏஆர் போன்ற ஒரு செயலி, ஒரு ஸ்டாண்டு. ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள்; ஒரு கை போனைப் பிடித்தால் வேலைக்கு ஒரு கைதான் மிஞ்சும். ஹெல்மெட்டில் மாட்டும் கருவிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எரியும் வாயு, கரைப்பான் உள்ள இடத்தில் சாதாரண போனை உள்ளே கொண்டு போகவே கூடாது. பிளாண்டு அனுமதியை முதலில் கேளுங்கள்.

3. பூட்டைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்

அங்கே ஒரு சூப்பர்வைசர் நேரில் நிற்க வேண்டும். பிரேக்கர் ஆஃப், அதில் பூட்டு, எச்சரிக்கை டேக். சக்ஷன் (தண்ணீர் உள்ளே வரும்), டெலிவரி (வெளியே போகும்) வால்வுகள் மூடி, உள்ளே அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். "போட்டாச்சு சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

4. குறி நகராமல் பார்த்துக்கொள்வது

கேமரா, பம்பின் விளிம்பு, போல்ட் தலை, பெயின்ட் உரிந்த இடம் போன்ற புள்ளிகளைப் பிடித்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. பளபளக்கும் ஷாப்டும் மங்கலான வெளிச்சமும் அதைக் குழப்பும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்கள். வழவழப்பான பரப்பில் டேப் ஒட்டி மார்க்கரால் கிறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் போனை ஓரடி இப்படியும் அப்படியும் மெதுவாக நகர்த்திவிட்டு ஸ்டாண்டில் வைக்கட்டும்.

அப்படியும் ஒருமுறை எனக்கு அம்பு நாலு விரல்கடை தள்ளிப்போனது. தம்பி அதை நம்பிப் பக்கத்தில் இருந்த பிளக்கில் ஸ்பேனரை மாட்டிவிட்டான், நல்லவேளை, திருப்பவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஸ்பேனர் எடுக்கும் முன், குறி காட்டும் பாகத்தை விரலால் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். "இது கிளாண்ட் நட்டு" என்று அவன் சொன்ன பிறகுதான் நான் "சரி" என்பேன்.

5. வேலை

பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்ட் நட்டுகளின் மேல் திரையில் 1, 2 என்று மட்டும் எழுதுங்கள். திரை முழுக்கக் கோடு போட்டால் எதைப் பார்ப்பது என்று திணறுவான். பழைய வளையங்களைக் கொக்கியால் எடுத்து, எண்ணி, வரிசையாகத் துணியில் வைக்கட்டும். நடுவே லான்டர்ன் ரிங் (ஓட்டைகள் உள்ள கெட்டி வளையம்) இருந்தால் அது எத்தனையாவது என்று குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது ஸ்லீவில் (ஷாப்டின் மேல் மாட்டிய உறை) தேய்மானம் பார்ப்பது. இங்கே ஏஆர் உதவாது. நகத்தை நீளவாக்கில் ஓட்டச் சொல்லி, "எங்கேயாவது மாட்டுதா?" என்று கேளுங்கள். அந்தத் தகவல் அவன் விரலில்தான் இருக்கிறது. அவன் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

புதுக் கயிற்றை, ஸ்லீவின் அதே விட்டமுள்ள குழாயில் சுற்றி 45 டிகிரியில் வெட்ட வேண்டும். வளையங்களின் வெட்டுவாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் தண்ணீர் அந்த வழியே ஓடிவரும். இதைப் பத்து நிமிடம் வாயால் விளக்கியும் புரியாதவர்கள் உண்டு. வளையங்கள் உட்காரும் குழியான ஸ்டஃபிங் பாக்ஸைச் சுற்றித் திரையில் கடிகாரம் போல 12, 3, 6, 9 என்று எழுதிவிடுங்கள். முதல் வளையத்தின் வாய் 12இல், அடுத்தது 3இல். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடிவரை தள்ளி உட்கார வைத்த பிறகே அடுத்தது.

6. ஓட்டிப் பார்ப்பது

நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். பம்பை ஓட்டும் முன் எல்லாக் குறிகளையும் அழியுங்கள்; சுழலும் ஷாப்டுப் பக்கம் ஒரு குறி தெரிந்தாலும் கை அங்கே போகும். முதலில் தண்ணீர் தாராளமாக ஒழுகட்டும். பிறகு சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, இரண்டு நட்டையும் சமமாக, ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

புதியவர்கள் ஒழுகல் அடியோடு நிற்கும்வரை இறுக்கப் பார்ப்பார்கள். நின்றால் பேக்கிங் காய்ந்து கருகும், ஸ்லீவும் போகும். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு என்பது பொதுவான கணக்கு. பம்ப் தயாரித்தவரின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. சொட்டுகளை அவனே சத்தமாக எண்ணட்டும். நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்.

7. இரண்டாவது பம்ப்

மறுநாள் இன்னொரு பம்பில் இதே வேலை. இந்த முறை குறி போடுவது அவன் வேலை: 12, 3, 6, 9 எல்லாம் அவனே வைக்கட்டும். உங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். பூட்டுக்கும் வால்வுக்கும் மட்டும் குரல் கொடுங்கள்.