கேமரா பை என்று தெரியாத கேமரா பை: வாங்கும்போது நேரும் தவறுகள்

தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போக ஒரு சின்ன கேமரா பை தேடுகிறவர் முதலில் பார்ப்பது லிட்டர் கணக்கைத்தான். 3 லிட்டர், 6 லிட்டர், 10 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். நமக்கு 6 போதும் என்று முடிவுகட்டிவிடுவார். அகலமும் உயரமும் தாராளமாக இருந்து ஆழம் மட்டும் குறைந்த பைக்கும் அதே 6 லிட்டர் கணக்குதான் வரும். அதில் உங்கள் கேமரா நுழையாமலே போகலாம். பார்க்க வேண்டியது, லென்ஸ் மாட்டிய நிலையில் கேமரா எவ்வளவு நீளம் என்பதை.

ரிக்கோ ஜிஆர் 3 கேமராவின் தடிமன் சுமார் 33 மி.மீ., எடை 257 கிராம். அதற்குப் பையே தேவையில்லை, சட்டைப்பை போதும். சோனி ஏ7 வரிசையின் நான்காம் தலைமுறைக் கேமரா 658 கிராம். அதில் 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பை மாட்டினால் லென்ஸ் மட்டும் 12 செ.மீ., 695 கிராம். இரண்டும் சேர்ந்து 17, 18 செ.மீ. நீளத்துக்கு வரும். இதைக் கண்ணில் படாத பையில் வைக்கிறேன் என்று கிளம்புவது வீண்வேலை. அந்த லென்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் பெரிய பையையே வாங்கிவிடலாம். இல்லையென்றால் அன்றாடத்துக்கு ஒரு குட்டி லென்ஸ் போதும். உதாரணத்துக்கு, கேனன் கேமராக்களுக்கான ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வெறும் 160 கிராம், 4 செ.மீ. நீளம். பல நேரம் பையை மாற்றுவதைவிட லென்ஸை மாற்றுவதுதான் தீர்வு.

அளவு எடுப்பது சுலபம். கேமராவை லென்ஸோடு ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள், நாலா பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. உள் அளவு கீழே எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நுரைத்தடுப்பு தின்றுவிடும் இடம் சின்னப் பையில் பெரிய விஷயம்.

“பின்னால் ஒரு ஜூம் லென்ஸ் வாங்குவோம், அதற்கும் இடம் இருக்கட்டும்” என்று ஓர் அளவு பெரிதாக எடுப்பது அடுத்த தவறு. அந்த லென்ஸ் வருவதற்குள் காலி இடத்தில் குடை, சார்ஜர், தண்ணீர் பாட்டில் எல்லாம் குடியேறிவிடும். தண்ணீர் பாட்டிலும் கேமராவும் ஒரே அறையில் இருப்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், மாற்று பேட்டரி, மெமரி கார்டு, துடைக்கும் துணி: இவ்வளவுக்குத்தான் இந்த வகைப் பை.

இனி மறைவு என்ற விஷயத்துக்கு வருவோம், பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கேமரா பை போலத் தெரியாத கேமரா பை என்ற பெயரில் விற்கப்படும் பலவும் பார்த்த மாத்திரத்தில் கேமரா பை என்று சொல்லிவிடும். பெட்டி போல விறைத்த வடிவம், காக்கி கேன்வாஸ், தோல் பட்டைகள், பித்தளைக் கொக்கிகள். இந்தத் தோற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் 1973இல் தொடங்கியபோது மீன்பிடிப்பவர்களுக்கான பைகளைத்தான் தைத்தது. நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள் என்பது 1978இல் தெரியவந்த பிறகே கேமரா பைகளின் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, 1970களில் தனக்கென்று ஒரு தொளதொள கேன்வாஸ் பையை வடிவமைத்தார். அன்றைக்கு அவை கூட்டத்தில் கலந்துபோயிருக்கும். இன்றைக்கு அந்தத் தோற்றமே புகைப்படக்காரரின் அடையாள அட்டை. பை நல்ல பைதான், உழைக்கும், அழகும் கூட. ஆனால் மறைவுக்காக அதை வாங்குவது பொருந்தாது.

எது கண்ணில் படாது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. சென்னை மின்சார ரயிலில் பத்துப் பேரில் பாதிப் பேர் முதுகில் மங்கிய கறுப்பு, சாம்பல் நிற லேப்டாப் பை தொங்கும். அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஜோல்னாப் பை மாட்டியவரைக் கவிஞர் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்களே தவிர, உள்ளே கேமரா இருக்கும் என்று சந்தேகப்பட மாட்டார்கள். என் யோசனை இதுதான்: ஏற்கெனவே நீங்கள் பயன்படுத்தும் சாதாரணப் பைக்குள் வைக்கும் நுரை உறையை மட்டும் வாங்குங்கள். கடையில் கேமரா இன்சர்ட் என்று கேட்டால் தருவார்கள். முழுப் பையின் விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

அதிலும் தவறு செய்ய இடம் உண்டு. பையின் வாய் அகலத்தைப் பார்த்து உறை வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்பகுதியின் அகலத்தை. அடி குறுகலாக இருந்தால் உறை சாய்ந்து நிற்கும், நடக்க நடக்க இடுப்பில் இடிக்கும். மூடி இல்லாத உறையும் ஜிப் இல்லாத ஜோல்னாவும் சேர்ந்தால் ஆபத்து. செருப்பு வாரைச் சரிசெய்யக் குனியும்போது கேமரா தரைக்கு வந்துவிடும். அங்குலக் கணக்கில் நுரை இருந்தாலும் இதைத் தடுக்காது. நுரையின் கனத்தைவிட மூடும் பழக்கம் முக்கியம்.

பையை மாற்றிவிட்டு, மஞ்சள் எழுத்தில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று தெரியும் கழுத்து வாரை வெளியே தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்வது! எழுத்தில்லாத மணிக்கட்டு வார் போதும்.

சத்தத்தைப் பற்றி எந்த விளம்பரமும் வாய் திறப்பதில்லை. மார்கழிக் கச்சேரியில், படமெடுக்க அனுமதி வாங்கி ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பாடகர் ஆலாபனையைத் தொடங்குகிறார். அப்போது உங்கள் பையின் வெல்க்ரோ ‘பர்ர்’ என்று கிழிந்தால் முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வெல்க்ரோவை மடித்து அடக்கிவைக்கும் வசதி திங்க் டேங்க் நிறுவனத்தின் ரெட்ரோஸ்பெக்டிவ் போன்ற சில பைகளில் உண்டு. இல்லையென்றால் வெல்க்ரோவின் மென்மையான பாதியைத் தனியாக வாங்கிச் சொரசொரப்பான பாதியின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிடலாம். காந்தப் பூட்டு அமைதியானது. அது மெமரி கார்டை அழித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. பழைய காந்தப்பட்டை அட்டைகளை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வாரைச் சோதிக்காமல் வாங்குவது இன்னொன்று. கடையில் காலிப் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. கேமராவை உள்ளே வைத்து, மார்புக்குக் குறுக்கே மாட்டி, ஒரு கையால் முன்னால் சுழற்றித் திறந்து பாருங்கள். உட்கார்ந்த நிலையில், மடியில் வைத்தும் திறக்க வேண்டும், பஸ்ஸில் அப்படித்தான் திறப்பீர்கள். சில பைகள் ஒரு தோளுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் பையை இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போடுவது சகஜம். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சூடும், ஓடும்போது வரும் அதிர்வும் கேமராவுக்கு ஆகாது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கடும் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கேமராவிலும் லென்ஸிலும் அசையும் பாகங்கள் உண்டு. பை உடம்பில் இருக்கட்டும், உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். அப்படியானால் பை, ஹேண்டில்பாரில் இடிக்காத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மழை என்றதும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை நம்பிவிடுகிறோம். துணி நீரை உதறினாலும் தையலும் ஜிப்பும் ஒழுகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பைக்குள் ஒரு கனமான பிளாஸ்டிக் உறை கிடந்தால் எந்த விலை உயர்ந்த ஜிப்பையும்விட அது உதவும். பாலியூரிதேன் பூசிய உள்துணிகள் நம் கடற்கரை ஊர்களின் வெக்கையில் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். பழைய பையை மலிவாக வாங்குகிறவர்கள் உள்ளே விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஒட்டினால் வேண்டாம்.

அதைவிடப் பெரிய சேதம், வீட்டுக்கு வந்த பிறகும் கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைப்பதால் வருகிறது. நுரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். இரவில் கேமரா 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள டிரை கேபினட்டுக்கோ (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி), சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்கோ போக வேண்டும், பை திறந்தபடி காற்றாட இருக்க வேண்டும். பையில் போட்டுவிட்டு மறந்துபோன சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரம் நிறைந்த பிறகு எதற்கும் உதவாது. நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடாக்கி உலர்த்துங்கள், அல்லது புதிதாக மாற்றுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விலைச் சீட்டைக் கிழிக்காமல், கேமராவை வைத்து வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நடமாடுங்கள். தோள் வலித்தாலோ, ஜிப் ஒரு முறையாவது துணியைக் கவ்வினாலோ, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.